அம்மாவின் சீதன வீடு சங்கீத வகுப்பான கதை

திருகோணமலையில் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்குக் கிடைக்கும் யோசனை ஒன்றுதான்: இடித்துவிட்டு மாடி வைத்துக் கட்டுங்கள். எங்களுக்கும் அதையே சொன்னார்கள். டச்சுக் குடாவுக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கும் இந்த வீடு அம்மம்மாவிடமிருந்து அம்மாவுக்குச் சீதனமாகப் போய், கடைசியில் என்னிடம் வந்தது. நான் ஓய்வு பெற்ற சங்கீத ஆசிரியை. முன்பகுதியில் பிள்ளைகளுக்குப் பாட்டும் வயலினும் சொல்லிக்கொடுக்க வேண்டும், பின்பகுதியில் நானும் கணவரும் இருக்க வேண்டும். இதுதான் எங்கள் தேவை. அதை இடிக்காமலே நிறைவேற்றியிருக்கிறோம். இதே யோசனையில் இருக்கும் சிலர் வழி கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒருவரிடம் வரைபடம் கீறக் கொடுத்தோம். அவர் அவசரமாக அளந்து போனார். வந்த படத்தில் எல்லா அறைகளும் அச்சில் வார்த்த செங்கற்கள் மாதிரி நேராக இருந்தன. பழைய சுவர்களில் பாதியைக் காணவில்லை. அவற்றின் இடத்தில் கொங்கிரீட் தூண்கள் நின்றன. அந்தப் படத்தைப் பார்த்தபோதுதான் வேறு ஆளைத் தேட வேண்டும் என்று தோன்றியது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்த, உப்புவெளியைச் சேர்ந்த ஒரு தங்கச்சியைத் தெரிந்தவர்கள் சொல்லிவிட்டார்கள்.

அவர் வந்தவுடன் நான் என் தேவைகளை அடுக்கத் தொடங்கினேன். “ரீச்சர், அதைப் பிறகு பேசுவோம். முதலில் இருக்கிற வீட்டைக் கீறி முடிக்கிறேன்” என்றார். இந்த முழு வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்த வசனம் அதுதான்.

அளப்பதற்கு நாடாவோடு தூக்குக்குண்டும் தண்ணீர் நிரப்பிய தெளிவான குழாயும் கொண்டுவந்தார். அறையின் நான்கு பக்கங்களை மட்டும் அளந்தால் போதாது. மூலைக்கு மூலை குறுக்காகவும் அளக்க வேண்டும். இரண்டு குறுக்களவும் ஒன்றாக வந்தால்தான் அறை சரியான செவ்வகம். எங்கள் முன்னறையில் இரண்டுக்கும் இடையே ஏழு அங்குல வித்தியாசம் இருந்தது. வீதி வளைகிற இடத்தில் வீடும் சற்று வளைந்து நிற்கிறது. தண்ணீர்க் குழாயை வைத்துப் பார்த்ததில் பின்பக்கத் தரை முன்பக்கத்தை விடத் தாழ்ந்திருந்தது. மாரி மழைத் தண்ணீர் ஏன் எப்போதும் சமையலறைப் பக்கம் தேங்கியது என்பது அன்று புரிந்தது.

ஆனால் வீட்டைக் காப்பாற்றியது மேலிருந்து பார்ப்பது போல அறைகளைக் காட்டும் தரைப்படம் அல்ல, வெட்டுமுகப் படம். வீட்டை முகட்டிலிருந்து அத்திவாரம் வரை கத்தியால் வெட்டி, வெட்டிய முகத்தைப் பக்கவாட்டில் பார்ப்பது போன்ற படம் அது. முன்னறைக்கும் நடு அறைக்கும் இடையில் இருந்த சுவரை எடுத்துவிட்டால் பெரிய மண்டபம் கிடைக்கும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். தரைப்படத்தில் அது மற்றச் சுவர்களைப் போலத்தான் தெரிந்தது. வெட்டுமுகத்தில் பார்த்தால், பதினெட்டு அங்குலத் தடிப்புள்ள அந்தச் சுவர் நேரே மேலே போய், கூரை உச்சியில் நீளமாகக் கிடக்கும் முகட்டு வளையைத் தாங்குகிறது. ஓடுகளைத் தாங்கும் சரிந்த கைமரங்களின் மேல்நுனிகள் அந்த வளையில் தங்கியிருக்கின்றன. சுவரை எடுத்தால் கூரையும் போகும். ஆகவே அதை அப்படியே நிற்கவிட்டு, இரண்டு அகலமான வாசல்களை மட்டும் திறப்பது என்று தீர்மானித்தோம். வாசல்களுக்கு மேலே இரும்பு உத்தரம் போட்டு, சுவரைப் பகுதி பகுதியாக முட்டுக்கொடுத்து வெட்டினார்கள். இன்று சின்னப் பிள்ளைகள் ஒரு பக்கமும் பெரியவர்கள் மறுபக்கமும் இருந்து பாடுகிறார்கள். மண்டபம் கிடைத்திருந்தால் இந்த வசதி வந்திராது.

அடுத்து வந்த படங்களில் நிறங்கள் இருந்தன. இருப்பது கறுப்பு, எடுப்பது மஞ்சள், புதிதாக வருவது சிவப்பு. பொறியியல் தெரியாத எனக்கும், கனடாவில் இருக்கும் அண்ணாவுக்கும், மேசனுக்கும் ஒரே தாளில் ஒரே செய்தி போய்ச் சேர்ந்தது. செலவில் பங்கு தருவதாக இருந்த அண்ணா, பழைய வீட்டில் காசைக் கொட்டுவதில் பயன் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர். தொலைபேசியில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, “இவ்வளவுதான் சிவப்பா?” என்று கேட்டார். அதற்குப் பிறகு இடிக்கும் பேச்சே எழவில்லை.

இலங்கையின் பேர்பெற்ற கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் செய்ததையும் தங்கச்சி அண்ணாவுக்குக் காட்டினார். வரிசையாக நின்ற நான்கு சிறிய வீடுகளை, 1950களின் இறுதியில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒரே வீடாக்கினார் பாவா. வீடுகளுக்குப் போகும் சந்தே உள்ளே நீண்ட நடையாகிவிட்டது. அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. எங்கள் ஊரிலேயே டச்சுக்காரர் காலக் கட்டடம் ஒன்றைச் செப்பனிட்டு, கடல்சார், கடற்படை வரலாற்று அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். அண்ணா ஊருக்கு வந்தபோது அங்கே கூட்டிப்போனேன். தடித்த சுவர்களுக்குள் வெயில் நேரத்தில் நின்று பார்த்தால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

அனுமதி எடுப்பதுதான் பொறுமையைச் சோதித்தது. காணி உறுதி, நில அளவைப் படம், சோலை வரி கட்டிய பற்றுச்சீட்டு, வீதியின் எல்லைக்கோடு எங்கே போகிறது என்று காட்டும் வீதிக்கோட்டுச் சான்றிதழ் எல்லாவற்றையும் வரைபடத்தோடு ஒரே கோப்பில் வைத்துக் கொடுங்கள். குடியிருப்பை வகுப்பு நடத்தும் இடமாக்குவது பாவனை மாற்றம். வெறும் திருத்தவேலை என்று எழுதிக் கொடுத்தால் பிறகு, அனுமதித்தபடியே வேலை முடிந்தது என்று தரும் இணக்கச் சான்றிதழை எடுக்கும்போது சிக்கல் வரும். கடலோரத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டப்படி, உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் வரும் வேலைக்குக் கரையோரம் பேணும் திணைக்களத்திடமும் கேட்க வேண்டும். 1815 மார்ச் 2க்கு முந்திய கட்டடம் என்றால் தொல்பொருள் சட்டமும் சேரும். எங்கள் வீடு அவ்வளவு பழையது அல்ல.

இடிக்கும் எண்ணம் உள்ளவர்கள் வீதிக்கோட்டை ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுங்கள். எங்கள் விறாந்தை அந்தக் கோட்டைத் தொட்டு நிற்கிறது. இடித்திருந்தால் புதிய கட்டடம் அந்தக் கோட்டிலிருந்து பின்னுக்குத் தள்ளித்தான் வந்திருக்கும், விறாந்தை அளவு இடம் போயிருக்கும். மாலையில் பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் தாய்மார் இருப்பதும், சில நாட்களில் ஊர் மான்கள் நிழலுக்கு ஒதுங்குவதும் அங்கேதான்.

இனிச் சுவர். இதைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் பழைய வீடுகள் சாவது பெரும்பாலும் இதனால்தான். எங்கள் சுவர்கள் செங்கல்லும், முருகைக்கல் என்னும் கடற்பவளக் கல்லும், சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்தவை. இடையில் யாரோ கீழ்ப்பகுதியில் மூன்றடி உயரத்துக்குச் சீமெந்து பூசியிருந்தார்கள். நிலத்தின் ஈரம் சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே ஆவியாக விட்டுவிடும். சீமெந்து விடாது. ஈரம் உள்ளேயே மேலே ஏறி, உப்பைக் கூட்டிக்கொண்டு, சீமெந்துக்குச் சற்று மேலே வெளிவரும். அங்கே உப்பு மணியாகி விரியும்போது பூச்சு பொரிந்து விழும். கடற்காற்றிலும் முருகைக்கல்லிலும் உப்புக்குக் குறைவில்லை. பொரிந்த இடத்துக்கு மறுபடி சீமெந்து பூசினால் நோய் இன்னும் மேலே ஏறும்.

சீமெந்து முழுவதையும் உரித்து, வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் சுவரை வெறுமனே காயவிட்டோம். வாடைக்காற்றோடு மழை தொடங்குவதற்கு முன்பு புதுப்பூச்சு இறுக வேண்டும் என்பதால் நாட்காட்டியைப் பார்த்தே வேலை நடந்தது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துத்தான் இறுகும், அதற்கு அவசரம் கிடையாது. இளம் மேசன்மாருக்கு இதில் பழக்கம் இல்லை. மூதூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் சுண்ணாம்பை நீற்றிக் குழியில் ஊறவைத்து, கழுவிய ஆற்று மணலோடு சேர்த்து, மெல்லிய படையாகப் பூசக் காட்டிக்கொடுத்தார். கூடநின்ற தம்பி ஒருவர் அதைக் கற்றுக்கொண்டார். முருகைக்கல்லைக் கடலிலிருந்து எடுக்க இன்று சட்டம் இடம் தராது. அதனால் இடிந்து கிடந்த பின்மதிலின் கற்களை எடுத்து ஓட்டைகளை அடைத்தோம்.

கூரையில் செய்தது குறைவு. உளுத்த கைமரங்களை மாற்றி, உடைந்த ஓடுகளுக்குப் பழைய ஓடுகளே தேடி வாங்கினோம். தகரமோ தட்டையான சீலிங்கோ போட விடவில்லை. தகரத்தில் மாரி மழை விழுந்தால் வகுப்பு நடத்த முடியாது. ஓட்டுக் கூரையின் உயரமும் சரிவும் குரலுக்கு நல்லது என்பதை எந்தப் படமும் எனக்குச் சொல்லத் தேவையில்லை, சிறு வயதில் அந்த நடு அறையில் இருந்துதான் நான் சரளி வரிசை பாடினேன்.

குளியலறையும் சமையலறையும் மட்டும் முழுக்கப் புதியவை. படத்தில் சிவப்பாக இருந்த அவை பின்முற்றத்தில் தனியாக நிற்கின்றன. பழைய சுவரோடு ஒட்டாமல், நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டுக் கட்டினார்கள். புதிய அத்திவாரம் தாழ்ந்தாலும் பழைய சுவர் வெடிக்காது. தண்ணீர்க் குழாய்கள் எல்லாம் அந்தப் பக்கமே போவதால் பழைய சுவர்களை எங்கும் துளைக்கவில்லை.

முன்பக்க யன்னல்களுக்கு முதிரை மரக் கதவுகள் இன்னும் வந்து சேரவில்லை. மற்றபடி வகுப்பு தொடங்கிவிட்டது. அளவெடுத்த படங்களின் ஒரு தொகுதி வீட்டிலேயே இருக்கிறது. திருகோணமலையில் பழைய வீட்டை மாற்ற நினைப்பவர்கள் காலை வேளையில் வந்தால் மேசையில் விரித்துக் காட்டுவேன். மாலையில் வகுப்பு இருக்கும்.