செம்பவாங் வெந்நீர் ஊற்று: முட்டைக்கு ஒரு கணக்கு, காலுக்கு ஒரு கணக்கு

சிங்கப்பூரின் செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்காவுக்கு ஊற்று நீரில் முட்டை வேகவைக்கவும் கால் நனைக்கவும் போய் வருகிறவர்களிடம் வழக்கமாக இரண்டு குறைகளைக் கேட்கலாம். ஒன்று, முட்டை வேகவில்லை. இன்னொன்று, கால் சுட்டுவிட்டது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். ஊற்றிலிருந்து நீர் ஏறக்குறைய 70 டிகிரி செல்சியஸில் வருகிறது. முட்டைக்கு அந்தச் சூடு கொஞ்சம் பற்றாது. காலுக்கோ மிக மிக அதிகம்.

முதலில் முட்டை. மஞ்சள் கரு 65 முதல் 70 டிகிரிக்குள் இறுகிவிடும். வெள்ளைக் கருவிலுள்ள புரதத்தில் பாதிக்கு மேல் 80 டிகிரியை நெருங்கினால்தான் கெட்டிப்படும். அதனால் இங்கே எவ்வளவு நேரம் போட்டு வைத்தாலும் வீட்டில் கொதிக்க வைத்த முட்டைபோல வராது. உள்ளே மஞ்சள் குழைவாக இறுகி இருக்கும், வெளியே வெள்ளை தளதளவென்று நிற்கும். வீட்டு அரைவேக்காட்டுக்கு நேர் எதிர். இது தெரியாமல் ஓட்டை உடைத்துப் பார்த்துவிட்டு, முட்டை பச்சையாக இருக்கிறது என்று தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு.

ஆனால் மஞ்சள்கூட இறுகாமல் போவது நம் கைத்தவறுதான். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த நான்கு முட்டைகளை 2 லிட்டர் வெந்நீரில் போட்டால், நீரின் சூடு எடுத்த எடுப்பிலேயே சுமார் 6 டிகிரி இறங்கிவிடும். வாளியும் குளிர்ந்திருந்தால் இன்னும் இறங்கும். மூடியில்லாமல் வைத்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே முட்டைகளை ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். மூடியுள்ள பாத்திரமாகக் கொண்டு போங்கள். முதல் முறை பிடித்த நீரைப் பாத்திரம் சூடேறுவதற்காக மட்டும் சுழற்றிக் கொட்டிவிட்டு, பிறகு முட்டை முழுக மறுபடி பிடியுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நீரை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் ஒரு மணி நேரம் காத்திருந்தும் பயனில்லை. இப்படிச் செய்தால் 30 முதல் 40 நிமிடத்தில் பக்குவம் வந்துவிடும். காடை முட்டைக்கு இதில் பாதி நேரம் போதும். கிண்ணத்தில் உடைத்து ஊற்றி, காப்பிக் கடையில் செய்வதுபோல் கறுப்பு சோயா சாஸும் வெள்ளை மிளகுத்தூளும் சேர்த்துச் சாப்பிடலாம். கரண்டி, கிண்ணம், சாஸ், குப்பைக்கு ஒரு பை ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

முழுதாக வேகாத முட்டை கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் ஆகாது. ஊற்று நீர் சுத்திகரிக்கப்பட்டதல்ல என்பதால் அதில் கோப்பை மீ (கோப்பையில் வரும் உடனடி நூடுல்ஸ்) ஊறவைப்பதும் தேநீர் போடுவதும் வேண்டாம். போட்டாலும் 70 டிகிரியில் மீ சரியாக ஊறாது என்பது வேறு விஷயம்.

இனி கால். 70 டிகிரி நீர் பெரியவர்களின் தோலையே ஒரு நொடியில் புண்ணாக்கிவிடும். கால் நனைக்க ஏற்ற சூடு 38 முதல் 40 டிகிரி. பூங்காவில் அடுக்கடுக்காக இறங்கும் ஒரு குளம் இருக்கிறது. மேலே 70 டிகிரியில் விழும் நீர், கீழ் அடுக்கை அடைவதற்குள் 40 டிகிரி அளவுக்கு ஆறும்படி அதை அமைத்திருக்கிறார்கள். உட்கார வேண்டிய இடம் கடைசி அடுக்குதான். அங்கேயும் கையை விட்டுப் பார்த்த பிறகே காலை வையுங்கள். பிள்ளைகள் மேல் அடுக்கின் விளிம்பில் ஏறி ஓடுவதைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும்.

வார இறுதியில் அந்த அடுக்கில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. சொந்த வாளி இருந்தால் பிரச்சினையே இல்லை. மடக்கக்கூடிய ரப்பர் வாளி என்றால் பேருந்தில் தூக்கிப் போவதும் சுலபம். நம் ஊர்க் குழாய்நீர் சுமார் 28 டிகிரி இருக்கும். ஐந்து பங்கு குளிர்ந்த நீருக்கு இரண்டு பங்கு ஊற்று நீர் சேர்த்தால் 40 டிகிரி கிடைக்கும். முதலில் குளிர்ந்த நீர், அதன்மேல் வெந்நீர். வரிசையை மாற்றாதீர்கள், வெந்நீரை முதலில் பிடித்து வைத்தால் யாராவது ஒரு பிள்ளை அதில் காலை விட்டுவிடும். கலக்காமல் ஆறட்டும் என்று காத்திருந்தால் அரை மணி நேரம் போனாலும் ஆறாது. பத்துப் பதினைந்து நிமிடம் நனைத்தால் போதும். சோப்பு, எண்ணெய் எதுவும் வேண்டாம்.

நீரிழிவு உள்ளவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் குடும்பங்களில் அது இல்லாத வீடு குறைவு. பாதத்தில் உணர்ச்சி மங்கியிருந்தால் சூடு தெரியாது. கொப்புளம் கிளம்பிய பிறகுதான் தெரியவரும். அவர்கள் காலை நனைக்காமல் இருப்பதே நல்லது. இதய நோய், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். காலில் வெட்டோ புண்ணோ இருந்தால் யாரும் இறங்கக் கூடாது.

எரிமலையே இல்லாத சிங்கப்பூரில் இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? மழைநீர் அடியிலுள்ள கருங்கல் பாறையின் பிளவுகள் வழியே மிக ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உட்சூட்டில் சூடேறி, இன்னொரு பிளவு வழியே வேகமாக மேலே வருகிறது. இந்த வட்டாரத்தில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1.76 கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டுப் பார்த்தபோது அங்கே 122 டிகிரி இருந்தது.

ஊற்று 1909இல் நகராட்சி அதிகாரி குடால் என்பவரின் கண்ணில் பட்டது. நிலம் சியா எங் கியோங் என்ற வணிகருடையது. 1920களின் தொடக்கத்தில் ஃபிரேசர் அண்ட் நீவ் நிறுவனம் அதை வாங்கி, நீரைப் புட்டியில் அடைத்து விற்றது. ஜப்பானியர் ஆட்சியில் வெந்நீர்க் குளியல் தொட்டிகள் கட்டினார்கள். 1944 நவம்பரில் நேச நாட்டு விமானம் போட்ட குண்டு விழுந்து நீரோட்டம் தடைப்பட்டது. போருக்குப் பின் சுற்றியிருந்த கம்பத்து (கிராமத்து) மக்கள் வாளியோடு வந்து போனார்கள். 1985இல் விமானத் தளத்துக்காக நிலம் எடுக்கப்பட்டபோது ஊற்று வேலிக்குள் போய்விட்டது. மக்கள் விடாமல் கேட்டதால் 2002இல் வழிவிட்டார்கள். அன்றைக்கு அங்கே இருந்தவை சில குழாய்களும் சிமெண்டுத் தரையும்தான். 2018இல் மூடி, தேசிய பூங்காக் கழகம் அதைச் சுமார் 2.2 ஹெக்டேர் பூங்காவாக விரித்து 2020 ஜனவரி 4ஆம் தேதி திறந்தது. கம்பத்துச் சாயலில் பழ மரங்களும் சமையலுக்கு உதவும் செடிகளும் நட்டிருப்பது எனக்குப் பழைய சிமெண்டுத் தரையைவிட எவ்வளவோ மேல். பழைய இடத்தின் அமைதி போய்விட்டது என்று வருந்துகிறவர்களும் இருக்கிறார்கள்.

வந்த வேகத்தில் நேரே வாளியை நிரப்ப ஓடுகிறவர்கள் நுழைவுப் பாதையின் செடிகளைப் பார்ப்பதே இல்லை. காலை ஏழரைக்குள் வந்தால் பூக்களில் தேன்சிட்டும் மரத்தில் கொண்டைக்குருவியும் குயிலும் தென்படும். வெயில் ஏறிய பிறகு பட்டாம்பூச்சிகளின் முறை. மைனாக்கள் எப்போதும் உண்டு. மூடாத முட்டைக் கிண்ணத்தை அவை விட்டுவைக்காது. பாவம் என்று நாமே எடுத்துக் கொடுத்தால் வனவிலங்குச் சட்டப்படி முதல் குற்றத்துக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம்.

பூங்கா காலை 7 முதல் மாலை 7 வரை திறந்திருக்கும், கட்டணம் இல்லை. கம்பாஸ் அவென்யூ ஓரத்தில் இருக்கிறது. செம்பவாங், யீஷூன் பக்கமிருந்து பேருந்தில் வருவதே வசதி. பங்குனி உத்திரத்துக்குப் பெயர்போன புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயமும் இதே வட்டாரம்தான் என்பதால் இரண்டையும் ஒரே காலையில் முடித்துக்கொள்ளலாம். கோயிலுக்கு முதலில் போங்கள், முட்டை வாடையோடு போக வேண்டியிருக்காது. பக்கத்திலேயே விமானத் தளம் என்பதால் ஹெலிகாப்டர் இரைச்சல் இருக்கும். டிரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், விமானத் தளத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் அனுமதியின்றிப் பறக்கவிட முடியாது.