பட்டன் இருந்தது, சித்தப்பாவுக்கு மட்டும் இல்லை

மார்த்தாண்டத்தில் அண்ணன் நடத்தும் தேன் கடைக்கு ஆர்டர் எடுக்கிற பக்கத்தை நான்தான் செய்து கொடுத்தேன். ஆறு மாதம் ஜாவாஸ்கிரிப்ட் படித்த தெம்பு. தேன், கருப்பட்டி, நேந்திரங்காய் சிப்ஸ் எல்லாம் படத்தோடு வரிசையாக நிற்கும், தொட்டால் கூடைக்குள் போகும், மேலே எண்ணிக்கை மாறும். பார்த்தவர்கள் எல்லாரும் நல்லா இருக்கு என்றார்கள். அப்புறம்தான் சித்தப்பா தன் லேப்டாப்பில் திறந்தார். அவருக்குப் பார்வை போய் எட்டு வருடம் ஆகிறது, இணையத்தில் எதையும், திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் என்விடிஏ (NVDA) என்ற ஸ்கிரீன் ரீடர் வைத்துக் கேட்டுத்தான் படிப்பார். (அது இலவசம். பார்வையில்லாத ஒரு ஆஸ்திரேலிய இளைஞர் 2006இல் தொடங்கியது.) பத்து நிமிடம் தடவிவிட்டு, "மக்களே, சாமான் பேரெல்லாம் சொல்லுது, வாங்குறதுக்கு ஒரு பட்டனும் இல்லியே" என்றார்.

பட்டன் இருந்தது. ஆனால் நான் அதை டிவ் (தனக்கென்று அர்த்தம் எதுவும் இல்லாத வெறும் கட்டம்) வைத்துச் செய்து, நிறம் கொடுத்து, கிளிக் நிகழ்வை மாட்டியிருந்தேன். கண்ணுக்கு மட்டும்தான் அது பட்டன். என்விடிஏவில் பி எழுத்தைத் தட்டினால் அடுத்த பட்டனுக்குத் தாவும், அவர் தட்டத் தட்ட ஒன்றும் இல்லை என்றே வந்தது. சரி, இது பட்டன் என்று என்விடிஏவுக்குச் சொல்ல ரோல் பட்டன் என்று எழுதினேன், டேப் கீ அதில் வந்து நிற்க டேப்இண்டெக்ஸ் பூஜ்யம் போட்டேன். இப்போது டேப் கீ அங்கே போனது, என்டர் தட்டினால் எதுவும் நடக்கவில்லை. கீ அழுத்துவதைக் கவனிக்கும் கீடவுன் சேர்த்தேன். என்டர் வேலை செய்தது, ஸ்பேஸ் தட்டினால் பக்கம் கீழே ஓடியது. அதைத் தடுக்க இன்னொரு வரி. இரண்டு ராத்திரி இப்படிப் போனபிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு நிஜமான பட்டன் டேக் போட்டேன். நான் எழுதிய அத்தனையும் அதில் முதலிலேயே இருக்கிறது! ஒரு எச்சரிக்கை: ஃபார்முக்குள் பட்டன் வைத்தால் அதன் டைப் என்ன என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அது ஃபார்மை அனுப்பிவிடும் சப்மிட் பட்டன் ஆகிவிடும். சித்தப்பா முகவரி முழுக்க அடித்து முடித்துக் கூடையைத் திறந்தபோது பக்கமே புதிதாக லோட் ஆகி, அடித்த அத்தனையும் போனது இதனால்தான்.

நடுவில் நாகர்கோவிலுக்கு இரண்டு தடவை அலைந்தேன், நான் படித்த கம்ப்யூட்டர் சென்டர் சாரிடம் கேட்கலாம் என்று. முதல் தடவை போனது டிசம்பர் 3. கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை, எனக்கு நினைவே இல்லை, சென்டர் பூட்டிக் கிடந்தது. அதே நாள்தான் சர்வதேச மாற்றுத்திறனாளிகள் நாள் என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் ஃபோனில் பார்த்தேன், மனசு என்னவோ போல இருந்தது. இரண்டாவது தடவை சார் இருந்தார். "இதெல்லாம் சிலபஸ்ல கிடையாது, மூலையில ஒரு ரெடிமேட் விட்ஜெட் ஒட்டிரு, போதும்" என்று இரண்டே நிமிடத்தில் அனுப்பிவிட்டார். ஒட்டிப் பார்த்தேன். எழுத்து பெரிதாகும், நிறம் மாறும். சித்தப்பாவுக்கு அதில் என்ன இருக்கிறது? தயவுசெய்து யாரும் அதை நம்பி உட்கார வேண்டாம்.

உண்மையில் என்னை ஆட்டிப் படைத்தது பின்கோடு. ஆறு இலக்கம் இல்லையென்றால் கீழே சிவப்பில் ஒரு வரி வரும். அது வந்ததே அவருக்குத் தெரியவில்லை, ஆர்டர் பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தார். செய்தி வரும் பெட்டிக்கு ஏரியா-லைவ் (aria-live) போட்டால் அதில் மாறுவதை என்விடிஏ தானாகப் படிக்கும் என்று அறிந்து போட்டேன், படிக்கவில்லை. அந்தப் பெட்டியையும் அதற்குள் இருக்கும் எழுத்தையும் ஸ்கிரிப்ட் ஒரே நேரத்தில் உண்டாக்கினால் என்விடிஏ பெரும்பாலும் வாய் திறக்காது. பெட்டி முதலிலிருந்தே காலியாகப் பக்கத்தில் இருக்க வேண்டும், பிறகு எழுத்தை மட்டும் மாற்ற வேண்டும். அதே தவறு இரண்டாம் முறை நடந்தால் எழுத்து மாறாததால் மறுபடி மௌனம், ஆகவே காலி செய்துவிட்டுக் கொஞ்சம் தாமதித்துப் போடுகிறேன். அசர்ட்டிவ் (உடனே குறுக்கிட்டுச் சொல்) என்று வைத்து, ஒவ்வொரு எழுத்து அடிக்கும்போதும் சரிபார்த்ததில் அவர் என்ன அடிக்கிறார் என்பதையே கேட்க விடாமல் அது குறுக்கே கத்தியது. இப்போது பொலைட் (பேசி முடிந்ததும் சொல்), அதுவும் அவர் பின்கோடு அடிக்கும் பெட்டியைவிட்டு நகர்ந்த பிறகுதான். இந்த மாதிரி அறிவிப்புகளுக்கென்றே எல்லாரும் பயன்படுத்தும்படி இணையப் பக்கம் செய்வதற்கான டபிள்யூசிஏஜி (WCAG) 2.1 வழிகாட்டியில் (2018) 4.1.3 என்று ஒரு விதி இருக்கிறது, முதலிலேயே படித்திருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

அடுத்தது கூடை. ஒரு பொருளை நீக்கினால் மொத்தப் பட்டியலையும் அழித்து இன்னர்எச்டிஎம்எல் வைத்துத் திரும்ப எழுதினேன். நமக்கு ஒரு வரி மறைந்தது போலத் தெரியும். அவருக்கோ நின்றுகொண்டிருந்த இடமே இல்லாமல் போய்விடும், ஃபோகஸ் (கீபோர்டு இப்போது நிற்கும் இடம்) பாடிக்கு, அதாவது மொத்தப் பக்கத்துக்கே போய்விடும், மறுபடி கடைப் பெயரிலிருந்து தொடங்குவார். இப்போது நீக்கியதும் "உங்கள் கூடை" என்ற தலைப்புக்கு ஃபோகஸை அனுப்புகிறேன், அதற்கு டேப்இண்டெக்ஸ் மைனஸ் ஒன்று (டேப் தட்டினால் நிற்காது, ஸ்கிரிப்ட் அனுப்பினால் நிற்கும்). குரோம் கன்சோலில் கண் படத்தை அழுத்தி டாக்குமென்ட்.ஆக்டிவ்எலிமென்ட் என்று எழுதி வைத்தால் ஃபோகஸ் இந்த நொடி எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொண்டே இருக்கும். மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு இதைப் பார்த்துக்கொண்டே டேப் தட்டிப் பாருங்கள், பாதிப் பிழை அங்கேயே தெரியும்.

பக்கத்துக்கு மேல் எழும் பெட்டிக்கான டயலாக் டேகும் அதைத் திறக்கும் ஷோமோடலும் சொன்னபடி வேலை செய்தன, எஸ்கேப் தட்டினால் மூடியது, பழைய இடத்துக்கே திரும்பியது. பக்கத்தின் மொழியைச் சொல்லும் லாங் (lang) மட்டும் டெம்ப்ளேட்டிலிருந்து வந்த ஆங்கிலமாகவே கிடந்தது, "கருப்பட்டி"யை ஆங்கிலக் குரல் கடித்துக் குதறியது. தமிழுக்கான டிஏ (ta) என்று மாற்றியதும் சரியாகிவிட்டது.

போன சனிக்கிழமை அண்ணன் கூப்பிட்டான். "சித்தப்பா பேர்ல ஒரு ஆர்டர் வந்திருக்கு, நீயா போட்ட?" நான் போடவில்லை. தேன் ஒரு குப்பி, கருப்பட்டி ஒரு கிலோ, பின்கோடு ஆறு இலக்கமும் சரி. அன்று சாயங்காலமே சித்தப்பா கூப்பிட்டு, ஃபோனில் டாக்பேக் (ஆண்ட்ராய்டின் ஸ்கிரீன் ரீடர்) வைத்துப் பார்த்தால் எண்ணிக்கையைக் கூட்டுகிற பட்டனைத் தட்டிய பிறகு புது எண்ணைச் சொல்ல மாட்டேன் என்கிறது என்றார். இப்போது அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.