மலைக்குப் போன சீசியம் கடிகாரங்கள்: 22 நானோ விநாடியைப் பிடிப்பது எப்படி

ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியல் கொள்கைப்படி, பூமியின் ஈர்ப்பு காரணமாக உயரம் கூடக் கூடக் கடிகாரம் வேகமாக ஓடும். எவ்வளவு வேகம் என்பதற்குக் கணக்கு எளிது. புவியீர்ப்பு முடுக்கத்தை உயரத்தால் பெருக்கி, ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். ஒரு மீட்டருக்கு 1.09×10⁻¹⁶ பங்கு வேகம் கூடும். ஒரு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு நாள் முழுக்க வைத்திருந்தால் 9.4 நானோ விநாடி (ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு ஒரு நானோ விநாடி) சேரும்.

2005 செப்டம்பரில் டாம் வான் பாக் என்ற அமெரிக்க ஆர்வலர் மூன்று சீசியம் கடிகாரங்களை (சீசியம் அணுக்களின் அதிர்வை வைத்து ஓடும் அணுக் கடிகாரங்கள்) குடும்ப வேனில் ஏற்றி, வாஷிங்டன் மாநிலத்தின் ரெய்னியர் மலைக்குக் கொண்டுபோனார். வீட்டுக்கும் மலைக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,340 மீட்டர். அங்கே 42 மணி நேரம் என்று வைத்தால் கணக்கில் கிடைப்பது 22 நானோ விநாடி. அவர் அளந்ததும் அதை ஒட்டித்தான் வந்தது.

இதை மறுபடி செய்ய நினைப்பவர்கள் முதலில் தேடுவது மலிவான இன்னொரு அணுக் கடிகாரமான ருபிடியம் கடிகாரத்தை. அது வேண்டாம். வெப்பமும் காற்றழுத்தமும் மாறினாலே அதன் அதிர்வெண் 10⁻¹² அளவில் நகர்ந்துவிடும். 1,340 மீட்டர் உயரத்துக்கு நாம் தேடும் மாற்றமோ 1.5×10⁻¹³தான். மலையில் இரண்டுமே மாறும் என்பதால் எது ஈர்ப்பு, எது குளிர் என்று பிரிக்க வழியில்லை. 5071ஏ வகை சீசியம் கடிகாரம் ஒரு நாள் சராசரியில் 10⁻¹⁴ அளவுக்கு நிலையாக நிற்கும். மூன்று இருந்தால் எது தடம் மாறியது என்று கண்டுபிடித்து ஒதுக்கலாம். வீட்டிலேயே அசையாமல் ஓடும் ஒப்பீட்டுக் கடிகாரமும் ஒன்று வேண்டும்.

மின்சாரம்தான் வழியில் வரும் தலைவலி. ஒரு கடிகாரத்துக்குச் சுமார் 50 வாட் என்றால் மூன்றுக்கு 150. இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் போகும். 100 ஆம்பியர் மணி பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்காமல் ஓட்டினால் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் தாங்கும். கடிகாரம் ஒரு கணம் நின்றாலும் அதன் கணக்கு அறுந்துபோகும்; ஆகவே மாற்றுப் பேட்டரியை இணையாக மாட்டிய பிறகே பழையதைக் கழற்றுங்கள்.

இரண்டு கடிகாரங்களின் துடிப்புகளுக்கு இடையிலான நேரத்தை அளக்கும் கருவி கவுன்டர். அளவீட்டில் பெரும்பாலும் ஏமாற்றுவது, கடிகாரத்தை அதோடு இணைக்கும் கேபிள். ஆர்ஜி-58 கேபிளில் ஒரு மீட்டருக்கு 5 நானோ விநாடி தாமதம். போகும் முன் இரண்டு மீட்டர் கேபிளும் வந்தபின் நான்கு மீட்டர் கேபிளும் போட்டால் தேடும் விடையில் பாதி பொய்யாகிவிடும். கேபிளுக்குப் பெயர் ஒட்டி, அதே முனையில் அதையே மாட்டவும். கவுன்டரில் 50 ஓம் உள்ளீடு, டிசி இணைப்பு, ட்ரிகர் (துடிப்பைப் பிடிக்கும் மின்னழுத்தம்) 1 வோல்ட், ஏறும் விளிம்பு என்று வைத்து எழுதிக்கொள்ளுங்கள். ட்ரிகரை தானியங்கியாக விட்டால் துடிப்பின் விளிம்பில் வேறு வேறு இடங்களில் பிடிக்கும்.

மலையை விட வீட்டில் செய்யும் வேலைக்கே அதிக நாள் தேவை. கிளம்பும் முன் ஒரு வாரமாவது ஒவ்வொரு கடிகாரத்தையும் ஒப்பீட்டுக் கடிகாரத்தோடு அளந்து, அது வழக்கமாக எவ்வளவு முந்துகிறது அல்லது பிந்துகிறது என்ற சாய்வைக் கோடாக வரைய வேண்டும். பயணத்தில் உயரத்தை நிமிடத்துக்கு ஒருமுறை பதிந்தால் ஏறும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் கணக்கில் சேர்க்கலாம். வண்டியின் வேகத்தால் வரும் மாற்றம் 100 கிலோமீட்டர் வேகத்திலும் 4×10⁻¹⁵தான். நான்கு மணி நேரத்துக்கு 0.06 நானோ விநாடி, விட்டுவிடலாம்.

திரும்பி வந்ததும் இன்னொரு வாரம் அளக்கவும். புதிய கோடு பழைய கோட்டுக்கு இணையாக, மேலே தள்ளி நின்றால் அந்த இடைவெளிதான் விடை. சாய்வே மாறியிருந்தால் வழியில் கடிகாரத்துக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது. அதன் எண் எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும் சேர்க்கக்கூடாது.