கீபோர்டு யாரு கையில இருக்கு?

மதுரை ஒத்தக்கடை தாண்டி ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல 12 வருஷமா சி.எஸ்., அதான் கம்ப்யூட்டர் சயின்ஸ், சொல்லிக் குடுக்குறேன். "பொம்பளப்புள்ளைக்கு கம்ப்யூட்டர்தான் தோது, வெயில்ல நிக்க வேண்டியதில்ல"ன்னு அப்பாமாரே கொண்டாந்து சேத்து விட்டுருவாங்க, அதனால எங்க கிளாஸ்ல பாதிக்குப் பாதி பொம்பளப்புள்ளைங்கதான், மெக்கானிக்கல் பக்கம் போனாத்தான் விரல் விட்டு எண்ணணும். எனக்கு இருக்குற கவலையெல்லாம் சேந்ததுக்கப்புறம் நடக்குறதப் பத்தித்தான்.

போன வருஷம் முதல் செமஸ்டர், 'சி'ங்குற கம்ப்யூட்டர் மொழியில கோடிங் பழகுற லேப், மூணு பேருக்கு ஒரு சிஸ்டம். உசிலம்பட்டி பக்கமிருந்து வர்ற ஒரு புள்ள, கவர்மெண்ட் ஸ்கூல், தமிழ் மீடியம், பயோ மேத்ஸ் குரூப். ரெக்கார்டு நோட்டு எடுத்தா கண்ணுல ஒத்திக்கலாம், ஸ்கேல் வச்சு ஃப்ளோசார்ட் போட்டிருக்கும். கூட இருந்த ரெண்டு பசங்களோட ரெக்கார்டும் அவ கையெழுத்துதான்னு எனக்கு ரெண்டு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுச்சு. நடுச்சேர்ல உக்காந்தவன் ஸ்கூல்லயே பைத்தான் கோடிங் படிச்சவன், கெட்ட பையன் இல்ல, அவன் டைப் பண்ணுவான் இவ பாத்து எழுதுவா, அம்புட்டுத்தான். மாடல் பிராக்டிக்கல்ல தனியா உக்கார வச்சப்ப 7ஆவது லைன் முடிவுல போட வேண்டிய செமிகோலன் விட்டுப் போச்சு, கோடுல தப்பு இருந்தா சொல்ற கம்பைலர் 8ஆவது லைன்ல எரர்னு காட்டுது, சரியா இருக்குற லைனையே திரும்பத் திரும்ப அழிச்சு அழிச்சு அடிக்குறா, கண்ணுல தண்ணி. "எனக்கு இது வராது மேம், பி.ஏ. எதுலயாச்சும் சேந்துக்குறேன்"ங்குறா.

அவங்க அப்பா மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல மூட்டை எறக்குறவரு. ஃபோன் பண்ணி, "பீஸெல்லாம் கவர்மெண்டே கட்டிருச்சு மேடம், புள்ளதான் ராவுல சாப்பிடவே மாட்டேங்குது"ன்னாரு. உண்மைதான், கவர்மெண்ட் ஸ்கூல் புள்ளைங்களுக்கு இன்ஜினியரிங்ல 7.5 சதவீத ஒதுக்கீடு 2021ல இருந்து இருக்கு, 2022ல புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாயும் வந்துச்சு. காலேஜ் வாசல் வரைக்கும் வந்த புள்ளைய லேப்ல கைவிட்டது நாங்கதான், அதுல எனக்கும் பங்கு இருக்கு.

கலிஃபோர்னியால ஹார்வி மட் காலேஜ்ல, ஏற்கனவே கோடிங் தெரிஞ்சவங்களையும் தெரியாதவங்களையும் முதல் கோர்ஸ்லயே தனித்தனியா பிரிச்சாங்க. 2006 வாக்குல சி.எஸ்.ல பத்துல ஒருத்தரா இருந்த பொண்ணுங்க சில வருஷத்துலயே பத்துக்கு நாலு பேர்னு ஆனாங்க. கோர்ஸ் பிரிச்சது மட்டும்தான் காரணம்னு இல்ல, ஆனா தெரிஞ்சவன் சத்தமா பதில் சொல்லும்போது தெரியாதவ வாயையே தொறக்க மாட்டாங்குறத நான் தினம் பாக்குறேன்.

இன்னொன்னு, பசங்களுக்கு நடுவுல ஒரு புள்ளைய ஒத்தையா விடக்கூடாது. நம்ம நாட்டோட முதல் பெண் இன்ஜினியர் லலிதா, 18 வயசுல புருசன எழந்து, கைக்குழந்தைய வச்சுக்கிட்டு கிண்டி காலேஜ்ல எலெக்ட்ரிக்கல் படிச்சவங்க, 1943ல முடிச்சாங்க. அவங்களுக்குப் பின்னாடியே பி.கே. திரேசியா, லீலாம்மா ஜார்ஜ்னு ரெண்டு பேரு சிவில்ல வந்து சேந்தாங்க. அத்தன பசங்களுக்கு நடுவுல அந்த ரெண்டு முகம் எவ்வளவு தெம்பா இருந்திருக்கும்னு அடிக்கடி நெனச்சுப்பேன்.

இந்த வருஷம் என் செக்ஷன்ல முதல் ஆறு வாரம் கோடிங் தெரிஞ்சவங்க, தெரியாதவங்கன்னு பேட்ச் பிரிச்சாச்சு. ஒரு டீம்ல புள்ளைங்கன்னா ரெண்டு பேராச்சும் இருக்கணும். இருபது நிமிசத்துக்கு ஒருக்கா கீபோர்டு கை மாறணும், ரெக்கார்டு அவங்கவங்க எழுதணும். பசங்க கொஞ்சம் மொணங்குனாங்க, இப்ப பழகிட்டாங்க. அந்தப் புள்ள செகண்ட் இயர் வந்துட்டா, மேத்ஸ்ல ஒரு அரியர் இருக்கு, சாயங்காலம் ஜூனியருங்களுக்கு எரர் மெசேஜ் படிக்கச் சொல்லிக் குடுக்குறா, "அது சொல்ற லைனுக்கு மேல் லைனையும் பாருடி"ன்னு.

ஆனா 4:45க்கு காலேஜ் பஸ் கெளம்பிரும். லேடீஸ் ஹாஸ்டல் கேட் 6:30க்குப் பூட்டிருவாங்க, பசங்களுக்கு 9 மணி. ப்ராஜெக்ட் வேலையெல்லாம் அந்த நேரத்துலதான் நடக்குது. புள்ளைங்களுக்கும் லேப் 8 மணி வரைக்கும் வேணும், கடைசி ட்ரிப்பா ஒரு பஸ் வேணும்னு ரெண்டு தடவ லெட்டர் குடுத்தேன், பதில் இல்ல. திங்கக்கிழம மூணாவது தடவ குடுக்கப் போறேன், இந்தத் தடவ புள்ளைங்க கையெழுத்தும் சேத்து.