அமிர்தி அடிவாரத்தில் நிலா அந்துப்பூச்சி

ஆகஸ்ட் 31, 2024
அமிர்தி சாலையில் உள்ள மாமா வீட்டுத் திண்ணை விளக்கடியில், எறும்புகள் வெளிர்பச்சை வால் ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தன. நிலா அந்துப்பூச்சியின் (ஆக்டியாஸ் செலீன்) வால்தான். ஆனாலும் வாலை மட்டும் நம்பி, இந்தப் பூச்சி இங்கே உண்டு என்று பதிவு எழுத மனம் வரவில்லை. முழுப் பூச்சியை வரவழைக்கக் காப்புக்காட்டில் விளக்கு வைப்பதென்றால் வனத்துறை அனுமதி வேண்டும். பட்டா நிலத்துக்கு மாமா தலையசைத்தால் போதும்.

செப்டம்பர் 2
அமாவாசை. நிலா வெளிச்சத்தில் விளக்குக்குப் பூச்சிகள் குறைவாகவே வரும். மாமாவின் வேட்டியைத் திரையாகக் கட்டி, அதன்முன் பாதரச விளக்கைப் போட்டேன். "இதை யார் துவைப்பது?" என்று கேட்டுவிட்டு அத்தை படுக்கப் போனார். வெகுநேரம் வண்டுகள்தான். பதினொன்றரைக்கு நிலா அந்துப்பூச்சி ஒன்று தரையில் படபடத்து, மெல்ல வேட்டியில் ஏறியது. முன்விளிம்பில் அரக்குச் சிவப்புக் கோடு, இறக்கைக்கு ஒரு கண்புள்ளி, வெண்பஞ்சு உடல். உணர்கொம்பின் சீப்புப் பற்கள் குறுகல், வயிறு பருமன்: பெண். இதற்கு உண்ணும் வாய் இல்லை. புழுப் பருவத்தில் சேர்த்த கொழுப்பில் ஏறக்குறைய ஒரு வாரம் வாழும். வலது வால் பாதியில் அறுந்திருந்தது. வௌவாலின் வேலையோ என்னவோ! இதன் அமெரிக்க உறவான லூனா பூச்சியின் சுழலும் வால், எதிரொலியைக் கேட்டுப் பாயும் வௌவாலை உடலைவிட்டு வால் பக்கம் திருப்புகிறது என்று 2015-இல் ஓர் ஆய்வு வந்தது.

செப்டம்பர் 3
விடிந்தபோது வேட்டியில் முட்டைகள். தாயை இருட்டியதும் விட்டுவிட்டேன். பதிவில் இடத்தை "வட ஆற்காடு என்று எழுது" என்றார் மாமா. எந்த வட ஆற்காடு? 1911 வரை சித்தூரும் அதில்தான். 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019-இல் எஞ்சிய வேலூரும் மூன்றானது. ஜவ்வாது மலையே இன்று மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம், விளக்கின் வகை எல்லாவற்றையும் எழுதினேன்.

செப்டம்பர் 14
பொரித்துவிட்டன. செந்நிறக் குஞ்சுப் புழுக்கள், இடுப்பில் கறுப்புப் பட்டை. வேலியோர ஒதிய மரத்தின் கொழுந்தை வைத்தேன். ஓரத்திலிருந்து அரிக்கத் தொடங்கின. "ஒதி பெருத்தால் உத்தரம் ஆகுமா" என்று மாமா வெட்ட நாள் பார்த்திருந்த மரம்! அத்தை அரிவாளை ஒளித்துவைத்துவிட்டார்.

செப்டம்பர் 29
தோலுரித்துப் பச்சையாகிவிட்டன, முதுகில் மஞ்சள் குமிழ்கள், அவற்றில் முட்கள். பதிவில் உணவு மரம் 'ஒதியம், வளர்ப்பில்' என்று மட்டுமே எழுதினேன். பெட்டிக்குள் நாம் போட்டதைத் தின்பதும், காட்டில் தானாகத் தின்பதும் ஒன்றல்ல. நாளை ஓடைக்கரை ஒதிய மரங்களின் அடியில் புழு எச்சம் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாமாவும் வருகிறாராம்.