வன்னி இரவில் மத்திய அலை

ஜனவரி 11
மாரி ஓய்ந்து வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் இடிமின்னலின் பொரிசத்தத்துக்குள் மத்திய அலையில் (மீடியம் வேவ்) தூர வானொலி நிலையம் தேடுவது வீண்வேலை. முதலில் றேடியோ அலைவரிசை மாறும் படி 9 கிலோஹேர்ட்ஸில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில டிஜிட்டல் செட்டுகள் அமெரிக்கக் கணக்கில் 10இல் வரும். அதில் சென்னையின் 720 அகப்படும், திருச்சியின் 936 அகப்படாது.

ஜனவரி 14
தூர நிலையத்தைப் பலமாக்க லூப் அன்டெனா: 60 சென்ரிமீற்றர் பக்கமுள்ள சதுர மரச்சட்டம், 25 மீற்றர் எனாமல் செப்புக்கம்பி. 9 சுற்று, இடைவெளி 3 மில்லிமீற்றர். இரு முனையும் 365 பைக்கோபராட் கேங் கொண்டென்சரின் (உருட்டி அலைவரிசை மாற்றும் பாகம்) ஒரு பகுதிக்கு. பழைய வால்வு றேடியோவில் கழற்றியது கிடைத்தால் உத்தமம். செட்டோடு கம்பித் தொடுப்பு வேண்டாம். செட்டின் உள்ளே அன்டெனாவாக இருக்கும் பெரைட் கோல் சட்டத்தின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அருகில் வைத்தால் போதும். கேங்கை மெல்ல உருட்ட, ஓரிடத்தில் சத்தம் குபீரென எழும். மத்திய அலையின் கீழெல்லை 531க்கு இறங்காவிட்டால் ஒரு சுற்றுக் கூட்டலாம்; மேலெல்லை 1602ஐ எட்டாவிட்டால் ஒன்றைக் குறைக்கலாம். கேங்கின் குமிழ் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். இல்லையேல் கையை எடுத்ததும் நிலையம் நழுவிவிடும்.

ஜனவரி 20
பொழுதுபட்டு அரைமணி. பகலில் அலையை உறிஞ்சும், வான்மண்டலத்தின் டி அடுக்கு கலைய, சென்னை 720 மேலே வருகிறது. திருச்சி 936 பகலிலும் கேட்கும்: பாதி வழி பாக்குநீரிணை, உப்புநீரில் தரையலை (தரையை ஒட்டி வருவது) நன்றாக ஓடும். வில்லங்கம் இரவில்தான். தரையலையும், வானில் பட்டுத் திரும்பும் வானலையும் ஒரே பலத்தில் வந்து மோத, பேச்சு நெளிந்து கரகரக்கும். லூப்பிடம் இதற்கு மருந்தில்லை. எஸ்.எஸ்.பி. (ஒற்றைப் பக்கப்பட்டை) வசதி உள்ள செட்டென்றால் அலைவரிசையின் ஒரு பக்கத்தை மட்டும் கேட்கலாம். இல்லாவிட்டால் 1 கிலோஹேர்ட்ஸ் தள்ளி வைத்தால் ஓரளவு தெளியும்.

ஜனவரி 23
புத்தளம் 882, 400 கிலோவாட். ஒலிபரப்பில் இருக்கும்போது பக்கத்து அலைவரிசைகளையும் விழுங்கும். கிளிநொச்சிக்கு அது தெற்கே, சற்று மேற்குச் சாய்வு. சட்டத்தின் முகத்தை, விளிம்பை அல்ல, அந்தப் பக்கம் கொடுத்தால் அடங்கும். நல்லகாலம், அப்போது விளிம்பு ஏறத்தாழத் திருச்சியைப் பார்க்கிறது.

பெப்ரவரி 2
இரைச்சல் வேட்டை. செக்கனுக்கு ஒருதரம் 'டிக்' என்றால் யானை தடுக்கும் மின்வேலி. கம்பியில் முட்டும் செடி, வெடித்த இன்சுலேற்றர், இவற்றில் பொறி பாய்வதுதான் பெரும்பாலும் காரணம். வேலியில் கைவைக்காமல் பராமரிப்பவருக்குச் சொல்ல வேண்டும். தொடர் சீறல் என்றால் எல்.ஈ.டி. குமிழோ போன் சார்ஜரோ. சோலர் வீட்டில் சார்ஜ் கொன்ட்ரோலர் பகலில் கத்தும், இரவில் இன்வேட்டர். றேடியோவைப் பற்றரியில் போட்டு மெயின் சுவிட்சை அணைத்தால் தெரிந்துவிடும்: நின்றால் வீட்டுக்குள், நிற்காவிட்டால் வெளியே. நீளக் கம்பி கட்டினால் எல்லாம் வரும் என்பார்கள். கூரையோரம் கட்டிய கம்பி நிலையத்தைவிட இன்வேட்டரைத்தான் நன்றாகப் பிடிக்கும்.