தகரக் கூரை மழையும் 700 பிட்டும்

இந்த வாரம் வானொலிப் பெட்டியைத் தொடவே இல்லை. சுங்கை சிப்புட்டில் அம்மா வீட்டில் மடிக்கணினியோடு உட்கார்ந்து, பேச்சை மிகக் குறைந்த பிட்டுகளாகச் சுருக்கி மறுபடி விரிக்கும் கோடெக் 2 என்ற நிரல் தமிழை எப்படிப் பேசுகிறது என்று மட்டும் பார்த்தேன். டி-ஸ்டார், டிஎம்ஆர் போன்ற டிஜிட்டல் வானொலிக் கருவிகளில் இதே வேலையைச் செய்யும் ஏஎம்பிஇ மூடிய பெட்டி. இதுவோ ஆஸ்திரேலியாவின் டேவிட் ரோ எழுதி எல்லாருக்கும் திறந்துவிட்டது. உள்ளே கைவிட்டுப் பார்க்கலாம்.

8000 ஹெர்ட்ஸ், 16 பிட் பதிவு என்றால் நொடிக்கு 1,28,000 பிட். எம்17 என்ற டிஜிட்டல் வானொலி பயன்படுத்தும் கோடெக் 2-இன் 3200 முறை (நொடிக்கு 3200 பிட்) அதில் நாற்பதில் ஒரு பங்கு. சிற்றலையில் பேச உதவும் ஃப்ரீடிவி 700டி-க்குள் ஓடும் 700சி முறை இன்னும் கஞ்சம்: 40 மில்லிநொடிக்கு வெறும் 28 பிட். அதில் குரலின் வடிவத்துக்கு 18, சுருதிக்கு 6, சத்தத்தின் அளவுக்கு 4. அவ்வளவுதான்.

பள்ளி, பல்லி, பழம், பலம், கிளி, கிலி என்று நான் பேசிப் பதிந்து, சுருக்கி, விரித்து, அம்மாவைக் கேட்கச் சொன்னேன். 3200-இல் ஒன்றும் தப்பவில்லை. 1300-இல் ஓரிரு தடுமாற்றம். 700சி-இல் ல, ள, ழ மூன்றும் ஒரே பானையில் வெந்துவிட்டன. ஆனால் "பாப்பா பள்ளிக்குப் போனாள்" என்று முழு வாக்கியமாகப் போட்டதும் உடனே பிடித்துவிட்டார். "பல்லிக்கு யாருடா போவா?" என்று சிரிப்பு வேறு. நாக்கை மடிக்கும்போது மாறும் நுண்ணிய ஒலி வடிவம் அந்த 18 பிட்டுக்குள் அடங்கவில்லை என்பது என் ஊகம்.

நான்கு மணிக்கு மேல் பதிந்தவை எல்லாம் கெட்டன. 1300-இலும் தொண்டை கட்டியவன் இருமுகிற மாதிரி. நிரலில்தான் ஏதோ தப்பு என்று ஒரு மணி நேரம் வீணடித்தேன். அப்புறம் மூலப் பதிவைக் கேட்டால், பின்னால் தகரக் கூரையில் மழை! நம் காது அதைத் தள்ளிவிட்டுப் பேச்சைக் கேட்கும். கோடெக் 2-க்கு அது தெரியாது. ஒரே ஒரு குரல், அதற்கொரு சுருதி என்று நம்பித்தான் அது கணக்குப் போடுகிறது. சுருதியே இல்லாத மழை நடுவில் புகுந்ததும் என் குரலையும் காற்றொலி என்று முடிவுகட்டிவிடுகிறது.

ஸ்பீக்ஸ் இரைச்சல் நீக்கியைப் போட்டேன். மழை குறைந்தது, கூடவே 'ச'வின் நுனியும் போனது. அதைவிட, போர்வைக்குள் தலையை விட்டு மைக்கை வாயோரம் பிடித்ததில் பலன் அதிகம். சரி, வேர்த்துக் கொட்டியது. அடித்தொனியைக் கொஞ்சம் வெட்டியதும் 700சி-யின் முனகலும் தெளிந்தது.

அடுத்த சனிக்கிழமை இதே சொற்களை அம்மாவின் குரலில் பதிய வேண்டும். மழைக்கு முன், காலையிலேயே.